அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் காட்டுங்க

முதல்லயே முன்ஜாமீன் வாங்கிடறேன். நான் வரலாறு படிச்சவன் இல்லை. நாலு வருஷம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு, அதுக்குச் சம்பந்தமே இல்லாம பொட்டி தட்டிக்கிட்டு இருக்கற ஜாதி. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்கற நாட்கள்ல கையில கிடைச்சதைப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால வரலாற்று வாத்தியாருங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க.

விஷயத்துக்கு வர்றேன். நான் இருக்கறது மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஒரு சின்ன ஊர். இந்தப் பக்கத்து ஊர்கள்ல பெரும்பாலானதுல இன்னமும் 'டவுன் மீட்டிங்'னு ஒண்ணு நடக்குது. ஊராட்சி கிராமசபை மாதிரி, ஆனா இதுக்கு உண்மையிலேயே பல் உண்டு. ஊர் பட்ஜெட்டை இந்தக் கூட்டம் கையைத் தூக்கினாதான் செலவு பண்ண முடியும். போன மே மாசம், ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்துல நடக்குதுன்னு பார்த்துட்டு, தங்கமணிகிட்ட "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போனேன். (வந்து சேர்ந்தது ராத்திரி பதினொண்ணே கால். அது தனிக்கதை.)

வாசல்ல ஒரு பாட்டி வாக்காளர் பட்டியலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பேரைச் சொன்னேன். தேடினாங்க. நான் எச்-1பி, பட்டியல்ல இருக்க மாட்டேன்னு விளக்கினேன். "ஓ, அதனாலென்ன, தாராளமா வந்து பாருப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே ஓரத்துல கயிறு கட்டின பகுதியைக் காட்டினாங்க. ஓட்டு இல்லாதவங்களுக்கான இடம். அங்க நான், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருத்தர், ஹோம்வொர்க்குக்காக வந்த ரெண்டு பசங்க.

புது தீயணைப்பு வண்டி வாங்கறதைப் பத்தி இருபது நிமிஷம். பெட்ரோல்ல ஓடற இலை ஊதற மெஷினைத் தடை பண்ணலாமான்னு ஒண்ணே கால் மணி நேரம். பிளம்பர் மாதிரி இருந்த ஒருத்தர் எழுந்து நிதிக் கமிட்டி தலைவரைப் பார்த்து "பதினாலாம் பக்கத்துல கூட்டல் தப்பு"ன்னார். தலைவர் பார்த்துட்டு ஒத்துக்கிட்டார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கூடவே ஒரு சின்ன உறுத்தல். அந்தத் தீயணைப்பு வண்டிக்கு என் வாடகை வழியா நானும்தான் காசு கொடுக்கறேன். 'பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை'ன்னு கத்தி ஒரு நாட்டையே உண்டாக்கின மாநிலத்துல, கயிறுக்கு வெளியில உட்கார்ந்திருக்கேன் :-)

அந்தக் கயிறு எப்போ யார் கட்டினதுன்னு தேட ஆரம்பிச்சதுல வந்த வினைதான் இது.

அமெரிக்க ஜனநாயகத்தோட வேர் எதுன்னு கேட்டா வழக்கமா ஒரு பட்டியல் வரும். கிரேக்கம், ரோம், 1215 மேக்னா கார்ட்டா, ஜான் லாக், மாண்டெஸ்க்யூ, அப்புறம் 1776-ல ஜெபர்சன் பேனாவை எடுத்தார். தப்பில்லை. ஜெபர்சனே 1825-ல ஒரு கடிதத்துல, நான் புதுசா எதையும் கண்டுபிடிக்கலை, அரிஸ்டாட்டில், சிசரோ, லாக், சிட்னின்னு எல்லாரும் சொன்னதையும் அன்னைக்கு நம்ம மக்கள் மனசுல இருந்ததையும்தான் எழுதினேன்கற அர்த்தத்துல சொல்லியிருக்கார். ஆனா இந்தப் பட்டியல்ல ஒரு முக்கியமான ஆளு விடுபட்டுப் போறார். அவர் பேர் கம்பெனி. ஆமா, பங்குதாரர்கள், டைரக்டர்கள், லாப நஷ்டக் கணக்கு எல்லாம் இருக்கற கம்பெனி.

1606-ல இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ் வர்ஜீனியா கம்பெனிக்கு ஒரு சாசனம் கொடுத்தார். அங்க குடியேறுகிறவங்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் இங்கிலாந்துல பிறந்தவங்களுக்கு இருக்கற உரிமையெல்லாம் உண்டுன்னு அதுல ஒரு வரி. எழுதின வக்கீலுக்கு அது வழக்கமான ஒரு வரியா இருந்திருக்கலாம். நூத்தி எழுபது வருஷம் அதை வச்சுக்கிட்டுச் சண்டை போடப் போறாங்கன்னு அவருக்கு என்ன தெரியும்.

1607-ல ஜேம்ஸ்டவுன். முதல் சில வருஷம் பட்டினி, நோய், ராணுவச் சட்டம். ஆளுங்க வரமாட்டேங்கறாங்க, வந்தவங்க சாகறாங்க, கம்பெனிக்குக் கையைக் கடிக்குது. ஆள் சேர்க்க நிலம் தர்றோம், சட்டம் போடறதுல பேச்சுரிமை தர்றோம்னு இறங்கி வந்தாங்க. 1619 ஜூலை 30-ம் தேதி ஜேம்ஸ்டவுன் சர்ச்சுல குடியேறிகளோட முதல் சட்டசபை கூடிச்சு. வெயில் தாங்காம ஆறே நாள்ல கலைஞ்சு போச்சு. உறுப்பினர் ஒருத்தர் செத்தே போனார். ஜனநாயகம் இலட்சியத்துல பிறந்ததுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஹெச்.ஆர். டிபார்ட்மெண்ட்டோட ஆள் தட்டுப்பாட்டுலயும் பிறந்திருக்கு.

அதே ஜூலையில இன்னொரு சமாச்சாரம். இதைப் படிச்சப்போ நான் கிச்சன் வரைக்கும் போய் தங்கமணிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். வர்ஜீனியாவுல தார், கீல், சோப்புச் சாம்பல் எல்லாம் பண்றதுக்காக போலந்துக்காரங்க கொஞ்ச பேரைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. 1608-லயே முதல் ஆளுங்க வந்தாச்சு. வெளிநாட்டுத் திறன் பணியாளர்கள். புரியுதுங்களா? இவங்களுக்கு சட்டசபைத் தேர்தல்ல ஓட்டு இல்லைன்னு தகராறு ஆயிடுச்சு. வேலைநிறுத்தமே பண்ணாங்கன்னு சொல்றவங்க உண்டு. கம்பெனி குறிப்புல 'தகராறு'ங்கற அளவுலதான் இருக்கு. லண்டன்ல ஜூலை 21-ம் தேதி கூடின கம்பெனிக் கூட்டம் இறங்கி வந்தது. போலந்துக்காரங்களுக்கும் மத்தவங்க மாதிரியே எல்லா உரிமையும் உண்டுன்னு தீர்மானம். கூடவே ஒரு வரி: இவங்களோட தொழில் இவங்களோட செத்துப் போயிடக் கூடாது, அதனால சில இளைஞர்களை இவங்ககூட வேலை கத்துக்க விடணும்.

அட, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்! நானூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டி கொடுக்கச் சொல்லியிருக்காங்க. ஒரே வித்தியாசம், அவங்களுக்குக் கேட்டியோட ஓட்டும் கிடைச்சது.

சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த மாசம் வந்துடுது. 1619 ஆகஸ்ட் கடைசியில 'ஒயிட் லயன்'னு ஒரு கப்பல் அதே வர்ஜீனியாக் கரைக்கு வந்தது. அங்கோலாவுல இருந்து போர்த்துக்கீசியக் கப்பல் ஏத்திட்டு வந்த ஆப்பிரிக்கர்களைக் கடல்ல கொள்ளையடிச்சு, இருபது பேருக்குக் கொஞ்சம் மேல இங்க கொண்டுவந்து சாப்பாட்டுப் பொருளுக்கு மாத்திக்கிட்டாங்க. சட்டசபை கலைஞ்சு மூணு நாலு வாரம்கூட ஆகலை. இவங்க எந்தத் தகராறு பண்ணியிருந்தாலும் அது எந்தக் கம்பெனிக் குறிப்புலயும் ஏறியிருக்காது.

சரி, நம்ம மாநிலத்துக்கு வருவோம். கூத்து இங்கதான் அதிகம்.

1629-ல சார்லஸ் ராஜா மாசசூசெட்ஸ் பே கம்பெனிக்கு சாசனம் கொடுக்கறார். அதுல பங்குதாரர்களுக்குப் பேர் 'ஃப்ரீமேன்'. வருஷத்துக்கு நாலு தடவை அவங்க கூடற பொதுக்கூட்டத்துக்குப் பேர் 'ஜெனரல் கோர்ட்'. கவர்னர்ங்கறவர் கம்பெனித் தலைவர். எல்லாம் சரியா இருக்கு, ஒண்ணே ஒண்ணைத் தவிர. இந்தக் கூட்டம் எந்த ஊர்ல நடக்கணும்னு சாசனத்துல இல்லை. ராஜா ஆளுங்க மறந்தாங்களோ, ப்யூரிட்டன்கள் வேணும்னே விட வச்சாங்களோ. ஜான் வின்த்ராப்பும் கூட்டாளிகளும் என்ன பண்ணாங்கன்னா, 1630-ல கப்பல் ஏறும்போது சாசனத்தையும் கையோட எடுத்துட்டு வந்துட்டாங்க. ஒரு கம்பெனியோட ரெஜிஸ்டர்டு ஆபீஸ் மொத்தமா அட்லாண்டிக்கைத் தாண்டிடுச்சு. லண்டன்ல கேள்வி கேக்க ஆளில்லை. ஸ்பெக்ல இருக்கற ஓட்டையைப் பயன்படுத்தறதுன்னா இதுதான்.

இன்னிக்கும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தோட அதிகாரப்பூர்வமான பேர் ஜெனரல் கோர்ட்தான். அதாவது, பங்குதாரர் பொதுக்கூட்டம்.

வின்த்ராப் ஜனநாயகவாதின்னு நினைச்சுடாதீங்க. ஆட்சி முறைகள்லயே மட்டமானது ஜனநாயகம்னு எழுதி வச்ச மனுஷன். வந்து இறங்கின பங்குதாரர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க, அவங்களே ஆண்டுடலாம்னு நினைச்சார். ஆனா நூத்துக்கும் மேற்பட்ட குடியேறிகள் எங்களையும் ஃப்ரீமேன் ஆக்குங்கன்னு நின்னாங்க. மறுத்தா பக்கத்துக் காலனிக்குப் போயிடுவாங்களோன்னு பயம். சேர்த்துக்கிட்டு, 1631-ல ஒரு கயிறு கட்டினாங்க: இனிமே சர்ச் உறுப்பினர்கள் மட்டும்தான் ஃப்ரீமேன் ஆகலாம். (பெண்கள் கணக்குலயே கிடையாது.) அதோட, சட்டம் போடற வேலை மேல இருக்கற சிலருக்குத்தான்னு சொல்லிட்டாங்க.

1632-ல இன்னொரு ஊருக்குக் கோட்டைவேலி போட எல்லா ஊருக்கும் வரி போட்டாங்க. வாட்டர்டவுன்காரங்க முறைச்சுக்கிட்டாங்க. எங்களைக் கேக்காம எப்படி வரி போடுவீங்க, இன்னிக்கு இதைக் கட்டினா நாளைக்கு நாங்களும் பிள்ளைகளும் அடிமைதான்னு அந்த ஊர்ப் பாதிரியார் சொல்ல, ஊரே கட்ட மாட்டோம்னுடுச்சு. பாஸ்டனுக்குக் கூப்பிட்டு மிரட்டினதும் மன்னிப்பு கேட்டுட்டாங்க. ஆனா ரெண்டு மூணு மாசத்துல, வரி விஷயத்துல யோசனை சொல்ல ஊருக்கு ரெண்டு பேர் வரலாம்னு முடிவாச்சு.

1634-ல நடந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஊர்ப் பிரதிநிதிகள் வின்த்ராப்கிட்ட போய், "ஐயா, அந்த சாசனத்தைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னாங்க. நாலு வருஷமா அதைக் காட்டியே ஆண்டுக்கிட்டு இருந்தாங்களே தவிர, உள்ள என்ன எழுதியிருக்குன்னு இவங்க படிச்சுப் பார்த்ததில்லை. காட்டினார். படிச்சாங்க. சட்டம் போடற அதிகாரம் ஃப்ரீமேன்கள் எல்லாரும் கூடற ஜெனரல் கோர்ட்டுக்குன்னு கறுப்பு மையில இருந்தது. ஆளுங்க அதிகமாயிட்டாங்க, எல்லாரும் கூடி எப்படிச் சட்டம் போடறதுன்னு வின்த்ராப் சமாளிச்சுப் பார்த்தார். அப்படின்னா ஊர் ஊரா பிரதிநிதி அனுப்பறோம்னாங்க. அந்த வருஷத் தேர்தல்ல வின்த்ராப்புக்கு ஆப்பு, தாமஸ் டட்லி கவர்னர். ரத்தம் சிந்தலை, தத்துவம் பேசலை. டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸைப் படிச்சாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு அவை எப்படி வந்ததுங்கறது இன்னும் பெரிய கூத்து. அதுக்குக் காரணம் மாண்டெஸ்க்யூ இல்லை. ஒரு பன்னி. பாஸ்டன்ல ஷெர்மன்னு ஒரு ஏழைப் பெண்மணியோட பெண் பன்றி காணாமப் போச்சு. ராபர்ட் கீன்னு பணக்கார வியாபாரி, அவர்தான் அடிச்சுத் தின்னுட்டார்னு அந்தம்மா வழக்கு. 1642-ல விவகாரம் ஜெனரல் கோர்ட் வரைக்கும் வந்தது. ஊர்ப் பிரதிநிதிகள் பெரும்பாலும் அந்தம்மா பக்கம், மேல்தட்டு மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் கீன் பக்கம். பிரதிநிதிகள் எண்ணிக்கை அதிகம், மாஜிஸ்திரேட்டுகளோ எங்க சம்மதம் இல்லாம எதுவும் செல்லாதுன்னாங்க. இழுத்து இழுத்துக் கடைசியில 1644-ல ரெண்டு குழுவும் தனித்தனியா உட்கார ஆரம்பிச்சாங்க. மாண்டெஸ்க்யூ புத்தகம் வந்தது 1748-ல.

1687-க்கு வாங்க. ரெண்டாம் ஜேம்ஸ் ராஜா. சாசனத்தை 1684-லயே ரத்து பண்ணியாச்சு. எட்மண்ட் ஆண்ட்ரோஸ்னு கவர்னரை அனுப்பி, சட்டசபையே இல்லாம வரி போடச் சொன்னார். இப்ஸ்விச்னு ஒரு ஊர்ல டவுன் மீட்டிங் கூடி, சபை ஒத்துக்காத வரியை வசூலிக்க ஆள் போடமாட்டோம்னு தீர்மானம் போட்டாங்க. முன்னாடி நின்னவர் ஜான் வைஸ்னு ஒரு பாதிரியார். பிடிச்சு உள்ள போட்டாங்க. நாங்க இங்கிலீஷ்காரங்க, எங்களுக்கு உரிமை இருக்குன்னு கோர்ட்ல சொன்னதுக்கு, நீதிபதி ஜோசப் டட்லி சொன்ன பதிலை வைஸ் பதிவு பண்ணி வச்சிருக்கார்: உலகத்தோட கோடி வரைக்கும் அந்த உரிமையெல்லாம் கூட வராது, அடிமையா விக்கப்படாம இருக்கறது ஒண்ணுதான் உங்களுக்கு மிச்சம். இந்த ஜோசப், 1634-ல சாசனத்தைப் படிச்சவங்க கவர்னராக்கின அதே தாமஸ் டட்லியோட மகன். ரெண்டு வருஷத்துல பாஸ்டன் ஜனங்க ஆண்ட்ரோஸையே பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. ஜான் லாக்கோட 'டூ ட்ரீட்டிசஸ்' அச்சுல வந்தது அதுக்கப்புறம், 1689 கடைசியில. வாட்டர்டவுன் தகராறு நடந்த 1632-ல லாக் பிறந்த குழந்தை.

தத்துவம் வீண்னு சொல்ல வர்றியான்னு கேப்பீங்க. இல்லை. ஆனா அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பக்கம் ஒரு எட்டு. அதே காலத்துல, அதே மாதிரி ஒரு கம்பெனி, அதே மாதிரி ஒரு ராஜ சாசனம் (1600) நம்ம கடற்கரையில என்ன பண்ணிட்டு இருந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியைச் சொல்றேன். 1688 செப்டம்பர்ல மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கினப்போ கோட்டையில கவர்னர் எலிஹு யேல், பாஸ்டன்ல பிறந்தவர். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன், கனெக்டிகட்ல பிறந்து ஹார்வர்டுல படிச்சவர்! மாநகராட்சி எதுக்குன்னா, ஜனங்க நாம போடற வரியைவிட அவங்களே போட்டுக்கற வரியைச் சிணுங்காம கட்டுவாங்கன்னு லண்டன் தலைமையில ஜோசயா சைல்ட் போட்ட கணக்கு. ஆல்டர்மேன்கள்ல சில உள்ளூர்க்காரங்களும் இருந்தாங்க. சூத்திரம் அதேதான். ஆனா மெட்ராஸ்ல யாரும் கவர்னர்கிட்ட போய் சாசனத்தைக் காட்டுன்னு கேட்டிருந்தாலும் காட்ட முடியாது, அது லண்டன்ல இருந்தது. காட்டியிருந்தாலும் அதுல மெட்ராஸ்காரன் பங்குதாரர் இல்லை. அங்க ஒரு கம்பெனி குடியரசா வளர, இங்க ஒரு கம்பெனி சாம்ராஜ்யமா வீங்கினதுக்கு வேற ஆயிரம் காரணம் உண்டுதான், ஆனா எனக்கு இது பெரிய காரணமாப் படுது. 1773 டிசம்பர் 16-ல பாஸ்டன் கடல்ல கொட்டின 342 பெட்டித் தேயிலையும் இந்தக் கம்பெனியோடதுதான்.

இப்போ தத்துவம். சாசனம் தர்ற உரிமைல ஒரு சிக்கல் இருக்கு. அது உறுப்பினருக்குத்தான். 1641-ல மாசசூசெட்ஸ் ஒரு உரிமைத் தொகுப்பு போட்டது. மனைவியை அடிக்கக் கூடாது, கால்நடையைக் கொடுமைப்படுத்தக் கூடாதுன்னெல்லாம் அந்தக் காலத்துக்கு ஆச்சரியமான விஷயங்கள். அதுலயே 91-வது பிரிவு: அடிமை முறை கிடையாது, போரில் பிடிபட்டவங்களையும், தன்னை விக்கிற அல்லது நமக்கு விக்கப்படுகிற அன்னியர்களையும் தவிர. மிச்சம் யாரு இருக்கா? அடுத்த 92-வது பிரிவுதான் கால்நடைக் கொடுமை.

லாக்கும் யோக்கியர் இல்லை. அடிமை வியாபாரம் பண்ணின ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனில பங்கு வச்சிருந்தார். 1669-ல கரோலினா காலனிக்கு எழுதின சட்டத்துல, ஒவ்வொரு ஃப்ரீமேனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள் மேல முழு அதிகாரம் உண்டுன்னு ஒரு பிரிவு. காலனி முதலாளிகளோட செயலாளரா அதுல லாக் கை வச்சிருக்கார். ஆனா அவர் புத்தகத்துல எழுதினது வேற ஒண்ணு: இயற்கையிலேயே மனுஷன் சுதந்திரமானவன், சமமானவன். இதுக்கு உறுப்பினர் அட்டை கேக்கலை. எழுதினவர் நினைச்சாரோ இல்லையோ, அந்த வாசகத்துல கயிறு இல்லை.

அதோட விளைவைப் பார்க்கணும்னா மாசசூசெட்ஸ் மேற்குக் கோடி, ஷெஃபீல்ட். போன அக்டோபர்ல நானும் தங்கமணியும் இலை நிறம் மாறுறதைப் பார்க்கப் போன சாக்குல அங்க போனோம். கர்னல் ஜான் ஆஷ்லியோட வீடு. 1773-ல ஊர்ப் பெரிய மனுஷங்க இந்த வீட்டு மாடியறையில உட்கார்ந்து பிரிட்டனுக்கு எதிரா ஒரு தீர்மானம் எழுதினாங்க. இயற்கை நிலையில் மனிதர்கள் சமம், சுதந்திரமானவர்கள்னு ஆரம்பம். எழுதின குழுவுக்கு ஆஷ்லி தலைவர், இளம் வக்கீல் தியடோர் செட்ஜ்விக் எழுத்தர். கீழ சமையல்கட்டுல ஆஷ்லியோட அடிமைகள். அதுல ஒருத்தி பேர் பெட். ஊர்ல மம் பெட்டும்பாங்க.

1780-ல ஜான் ஆடம்ஸ் எழுதின மாநில அரசியல் சட்டம், ஊர் ஊரா டவுன் மீட்டிங்ல பிரிச்சு மேய்ஞ்சு அப்புறம் அமலுக்கு வந்தது. முதல் பிரிவே எல்லா மனிதரும் சுதந்திரமாவும் சமமாவும் பிறந்தவங்கன்னு சொல்லுது. சொத்து இல்லாதவனுக்கு ஓட்டு இல்லைன்னும் அதே சட்டம் பின்னாடி சொல்லுது, அது வேற. பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பந்தி பரிமாறும்போதும், ஊர்ல வாசிக்கும்போதும் காதுல விழுந்ததுதான். ஒருநாள் ஆஷ்லி மனைவி காய்ச்சின அடுப்புக் கரண்டியை இன்னொரு பெண் மேல ஓங்கினப்போ பெட் கையைக் குறுக்க விட்டு வாங்கிக்கிட்டதா, செட்ஜ்விக்கோட மகள் பின்னாடி எழுதியிருக்காங்க. 1781-ல பெட் நேரா செட்ஜ்விக்கிட்ட போய் நின்னா. நானும் மனுஷப் பிறவிதானே, உங்க புதுச் சட்டம் எனக்கு விடுதலை தராதான்னு கேட்டா.

அந்த ஆகஸ்ட்ல கிரேட் பேரிங்டன் கோர்ட்ல பெட்டும் ப்ராம்ங்கற இன்னொருத்தரும் ஆஷ்லி மேல போட்ட வழக்கு வந்தது. ஜூரி இவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அபராதம் முப்பது ஷில்லிங், செலவு தனி. ஆஷ்லி மேல்முறையீடு போட்டு, அப்புறம் வாபஸ் வாங்கிட்டார். சம்பளம் தர்றேன், திரும்பி வான்னு கூப்பிட்டார். அவ போகலை. செட்ஜ்விக் வீட்டுல சம்பளத்துக்கு வேலை பார்த்தா. சொந்தமா வீடு வாங்கினா.

அடிமைக்குக் குடும்பப் பேர் கிடையாது. விடுதலையானதும் அவளே ஒண்ணை வச்சுக்கிட்டா. எலிசபெத் ஃப்ரீமேன். ஸ்டாக்பிரிட்ஜ் கல்லறையில, செட்ஜ்விக் குடும்பத்தோட வட்டத்துக்குள்ள, 1829-ல செத்த அவ பேரும் கல்லுல அப்படித்தான் இருக்கு. நாங்க போனப்போ மழை தூறிக்கிட்டு இருந்தது. கல்லு மேல யாரோ சில்லறைக் காசு வச்சுட்டுப் போயிருந்தாங்க.